மூன்றாம் தொட்டியில் நின்றவன்

எங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாரிடமும் தைரியமாகச் சொல்ல முடியாது. மற்றப் பிள்ளைகளின் அப்பன்மார் பால் வடிய ரப்பர் மரம் வெட்டினார்கள், அந்தப் பாலைச் சுமந்தார்கள், குறைந்தபட்சம் கங்காணியிடம் ஏச்சாவது வாங்கினார்கள். என் அப்பா தண்ணீர் தெளிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், குனோங் ராபாட் மலைகளுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மேலே ஈயச் சுரங்கம் வந்ததிலிருந்து எங்கள் ஓடை தேத்தண்ணியில் பால் ஊற்றிய நிறத்துக்கு மாறிவிட்டது. பால் ஸ்டோரில் ரப்பர் பாலோடு உடனே தண்ணீர் கலந்துதான் ஷீட்டாக உறையவைப்பார்கள்; இந்தத் தண்ணீரைக் கலந்தால் ஷீட்டெல்லாம் கறை. ஆகவே தொரை ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரை வரவழைத்து, ஓடையோரம் மூன்று தொட்டிகள் கட்டினார். முதல் தொட்டியில் படிகாரம் கரைத்து ஊற்ற வேண்டும். இடையிலுள்ள பலகைத் தடுப்பின் மேல் தண்ணீர் மெல்லிசாக வழிந்து அடுத்த தொட்டிக்குப் போகும். சேறு அடியில் தங்கிவிடும். மூன்றாம் தொட்டியிலிருந்து பால் ஸ்டோருக்குக் குழாய். காய்ச்சல் விழுந்து மரம் வெட்ட வலுவில்லாமல் போன அப்பாவுக்கு, வேறு எந்த வேலைக்கும் ஆகமாட்டார் என்றுதான் இதைக் கொடுத்தார்கள்.

கங்காணி மகனுக்கு இது போதாதா?

"ஒங்கப்பாவுக்கு என்னலா வேலை? தண்ணி தூங்கிருச்சான்னு பாக்குறதா? தாலாட்டும் உண்டா?"

ஒன்பது வயதில் எனக்கு வந்த எரிச்சல் இப்போது ஐம்பதை நெருங்கும்போதும் முழுசாக அடங்கவில்லை. அந்தத் தண்ணீர் வழிகிற அழகைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். நத்தை கூட அதை முந்திக்கொண்டு ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒருநாள் காலை அப்பா படிகாரம் வாங்க ஸ்டோருக்குக் கிளம்பினார். போகும்போது சொன்னார்: "இங்கனயே ஒக்காந்திரு. ஒண்ணும் செய்யாத. ஒண்ணுமே செய்யாத, என்ன?"

ஒரு பையனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

அவர் திரும்பி வருவதற்குள் மூன்றாம் தொட்டியை நிரப்பிக் காட்டினால் அப்பாவுக்கும் பெருமை, கங்காணி மகன் வாயும் அடைபடும். முதல் தடுப்பில் இரண்டு பலகையை உருவினேன். இரண்டாவது தடுப்பிலும் இரண்டு. சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் நன்றாகவே ஓடியது. அதோடு மாதக்கணக்காகப் படிந்திருந்த சேறும் எழுந்து ஓடியது. கண்ணாடி மாதிரி இருந்த மூன்றாம் தொட்டி என் கண் முன்னாலேயே தேத்தண்ணியானது.

முக்கி முனகிப் பலகைகளைத் திரும்பச் செருகினேன். பிறகு என் மூளை ஒரு யோசனை சொன்னது. என் மூளை சொன்ன யோசனைகளை மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் வாழ்க்கையில் நான் எங்கேயோ போயிருப்பேன். மண்ணெண்ணெய் டின்னோடு தொட்டிக்குள் குதித்து, கலங்கலை மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தேன். மொள்ள மொள்ள இன்னும் கலங்கியது. கரையேற ஒரு கால் தூக்கினாலும் அடியிலிருந்து புகைபோல் சேறு கிளம்பியது.

அப்போதுதான் புரிந்தது, அசையக்கூடாது என்று. இடுப்பளவு தண்ணீரில் டின்னைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கல்லாய் நின்றேன். முனியாண்டி சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு அட்டை முழங்காலில் ஏறியது. சாமிக்குச் சேவலை ஆடாக உயர்த்தினேன். அட்டை தொடைக்கு வந்தது. இரண்டு ஆடு. சாமி அட்டையின் பக்கம்தான் இருந்தார்.

அப்பா வந்தார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஓடிப்போய் ஸ்டோர்க் குழாயை அடைத்தார். பாலில் கறைத் தண்ணீர் ஒரு சொட்டும் கலக்கவில்லை. நல்ல தண்ணீரும் கலக்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு ரப்பர் காட்டிலிருந்து வந்த பால் முழுதும் வாளியிலேயே கட்டிதட்டிப் போயிற்று.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் குடையும் கோபமுமாக வந்து சேர்ந்தார். "எவன்யா பலகையத் தூக்குனது?"

"நாந்தாங்கய்யா. சேத்தோட அளவு தெரியாமத் தூக்கிப்புட்டேன்" என்றார் அப்பா.

"இவன் எதுக்கு உள்ள நிக்கிறான்?"

"அட்டை புடிக்கிறாங்கய்யா."

கிராணியாரோடு வந்த ஆட்கள் சிரித்தார்கள். பலகை தூக்கத் தெரியாத தொட்டிக்காரனும் அட்டை பிடிக்கும் மகனும்! தப்பித்தோம் என்ற குஷியில் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மூன்று தொட்டிச் சேற்றையும் அப்பா ஒருத்தரே ஒரு வாரத்துக்குள் அள்ளி முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு என்று உத்தரவாயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றுச் சட்டியைக் கையில் கொடுத்து, "போய் ஒங்கப்பா பக்கத்துல இரு" என்றாள், அவ்வளவுதான்.

போய் இருந்தேன். கரையில் காலாட்டிக்கொண்டு, அப்பா முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் வாரி வீசுவதைப் பார்த்தேன். பத்து வாரலுக்கு ஒருதரம் அவர் மண்வெட்டிக் கணையில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பொறுமை போய்விடும்.

"அப்பா, அந்த மூலையில இன்னும் இருக்கு."

"ஆமாய்யா" என்று சொல்லிவிட்டு அவர் அந்த மூலைக்குப் போவார்.

ஆறு நாளும் ஒரு மூலை விடாமல் காட்டிக் கொடுத்தேன். நான் மட்டும் இல்லையென்றால் அப்பா அந்த வேலையை முடித்தே இருக்கமாட்டார் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.