கத்தரிப்பூவில் பால் கலந்த நிறம்

புடவைக் கடையில் நின்று பிழைப்பவர்கள் தினமும் கேட்கிற பொய் ஒன்று உண்டு: "ஒரே ஒரு புடவைதான், பத்து நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிடுவோம்." இதைக் கேட்டுச் சிரிக்காமல் தலையாட்டப் பழகியவர்களுக்கும், அந்தப் பத்து நிமிடம் முடியும்வரை மடியில் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் அறுபத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்லூரியில் இலக்கியம் படித்தேன். படித்ததை வைத்து ஒன்றும் செய்யவில்லை. கணவர் போன பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் கடிகாரச் சத்தம் ஓர் ஆளைப்போல நடமாட ஆரம்பித்தது. அதற்குப் பயந்துதான் ஆற்றைத் தாண்டி, சின்னக்கடை வீதியில் ஒரு புடவைக் கடைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வெளிர் நிறங்களுக்கென்று தனி அலமாரி. இளம்பெண்கள் ஆசைப்படுகிற நிறங்கள். அவர்களுடைய அம்மாக்கள் வேண்டாமென்கிற நிறங்கள். வயதானவள் ஒருத்தி எடுத்துக் காட்டினால் அம்மாக்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் என்று முதலாளி நினைத்தார். அந்த நினைப்பு தப்பு. ஆனால் முதல் நாள் அந்த அலமாரியைத் திறந்தபோது என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதே, அது பொய்யில்லை. இளநீர் வழுக்கை, கொய்யாப்பழத்தின் உள்பக்கம், சின்ன வெங்காயத்தின் தோல், மழை விட்டபின் ஒரு நாழிகை மட்டும் இருக்கிற வானம். எல்லாவற்றையும் யாரோ நெய்து, மடித்து, அடுக்கி வைத்திருந்தார்கள்.

உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம்

முதல் வாரம், காட்டூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிஸ்தா பச்சையில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். கடையின் வெள்ளை விளக்குக்குக் கீழே அது அத்தனை இளமையாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். வெயிலில் அது சாம்பல் பூத்துப் போயிற்றாம். கட்டிக்கொண்டு போன வளைகாப்பில் நாலு பேர் அவரிடம் காய்ச்சலா என்று விசாரித்தார்களாம்.

அடர்ந்த நிறம் எந்த வெளிச்சத்திலும் தன் குணத்தை விடாது. வெளிர் நிறம் அப்படியில்லை. விளக்கு சொல்வதைக் கேட்கும், வெயில் சொல்வதைக் கேட்கும், கட்டுகிறவரின் முகம் சொல்வதையும் கேட்கும். அதனால் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்; கற்றுக்கொண்ட உற்சாகத்தில் அவருக்கே விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. இதைக் கட்டிக்கிட்டு நான் உங்க கடைக்குள்ளேயே உக்காந்திருக்கவா?"

நுங்கு

கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராக வருவார்கள். கையில் போன், போனில் ஒரு படம். "இந்த மாதிரி சாஃப்டா, பாத்தா சின்னப் பொண்ணு மாதிரி தெரியணும் மேடம்." படத்தில் இருக்கிற பெண்ணுக்கு மூக்கு நிழலே கிடையாது; அவ்வளவு பூசி மெழுகியிருப்பார்கள். அந்த நிறம் உலகத்தில் எந்தத் தறியிலும் இல்லை. போனை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அவரவர் முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். வெள்ளை கலந்த நிறம் எடுத்தால் பார்டர் மெல்லியதாக இருக்கட்டும். பொன் ஜரிகை வேண்டாம், வெள்ளி ஜரிகை போதும். ரவிக்கையையும் அதே நிறத்தில் எடுத்துத் தூங்க வைக்காதீர்கள். ஒரு படி அழுத்தமாக எடுங்கள்.

ஒரு பெண்ணுக்கு வெள்ளையும் இல்லாத, சாம்பலும் இல்லாத, லேசாக நீலம் ஓடுகிற ஒரு புடவை அப்படிப் பொருந்தியது. கண்ணாடிக்கு முன்னால் அவள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். என்ன கலர் மேடம் இது என்று கேட்டாள். சீவின நுங்கின் நிறம் என்றேன், பெருமையாக. அவள் முகம் விழுந்துவிட்டது. "இங்கிலீஷ்ல ஏதாவது பேர் சொல்லுங்க மேடம். நுங்குன்னு போட்டா ஒரு லைக்கும் வராது."

மாநிறம்

தேன்மொழி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருவெறும்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், நல்ல மாநிறம், அம்மாவோடு வந்திருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம். அன்று முதலில் பெண் தன் வீட்டுப் புடவையில் வந்து உட்காருவாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் நிச்சயப் புடவையை உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வருவாள். அந்த முதல் புடவையை எடுக்கத்தான் வந்திருந்தார்கள்.

அம்மா நேராக அரக்கு அலமாரிக்குப் போனார். பெண் என் அலமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவள் கை போனது கத்தரிப்பூவில் கொஞ்சம் பால் கலந்தாற்போன்ற ஒரு நிறத்துக்கு. லாவெண்டர் என்று பட்டியலில் எழுதியிருக்கும். தோளில் போட்டதும் எனக்கே சத்தம் வந்துவிட்டது. மாநிறத்துக்கு வெளிர் நிறம் ஆகாது என்பது பாதி உண்மை. சுண்ணாம்புபோல் வெளுத்தது ஆகாது. முகம் சோர்ந்து போகும். உள்ளே ஒரு சொட்டுச் சிவப்பு ஓடுகிற வெளிர் நிறம் அதே முகத்துக்குக் கழுத்தடியில் ஒரு மினுமினுப்பைக் கொண்டுவரும். வாசலுக்கு அழைத்துப் போனேன். வெயிலில் இன்னும் அழகு. அம்மா பின்னாலேயே வந்து, "உனக்கெதுக்குடி வெளுத்த கலர்? இருக்கிற நிறத்தையும் எடுத்துக் காட்டவா?" என்றார். அரக்குக்குத்தான் பில் போட்டார்கள்.

அம்மா பணம் கட்டப் போனபோது அவள் லாவெண்டர் முந்தியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காது குத்தலிலிருந்து பட்டமளிப்பு வரை தன் எல்லாப் போட்டோவிலும் அரக்குதான் என்றாள். நிச்சயப் புடவையாவது இந்த நிறத்தில் வந்தால் போதும், ஒரே ஒரு நாள். மாப்பிள்ளை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடலாமே என்றேன். அவள் சிரித்தாள். "எங்க பக்கம் பொண்ணு வீட்டுலேருந்து அளவு ஜாக்கெட் மட்டும்தான் மேடம் போகும். ஆசையெல்லாம் போகாது."

அன்று மாலை, ஊழியர்கள் செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். அந்த ஒற்றைப் புடவையை அடுக்கின் அடியில் சொருகி வைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

அளவு ஜாக்கெட்

பத்து நாள் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகனுக்கு நிச்சயம், பெண்ணுக்குப் புடவை எடுக்கணும் என்றார் அந்த அம்மா. மஞ்சள் பையிலிருந்து ஓர் அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு போனை நீட்டி, "பொண்ணு இதுதாங்க. இவளுக்கு எடுப்பா ஒண்ணு காட்டுங்க" என்றார். போனில் அரக்குப் புடவையில் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

இந்தத் தெருவில் கல்யாணத் துணி எடுக்கிறவர்கள் எத்தனை கடை ஏறினாலும் எங்கள் கடைக்கும் ஒருமுறை வருவார்கள்தான், ஆனாலும் இப்படியா! பெண்ணைத் தெரியும் என்று சொல்ல முடியாது. சொன்னால், பெண் இப்போதே கேட்டு அனுப்புகிறாள் என்றாகிவிடும். அடியிலிருந்து லாவெண்டரை உருவினேன். அதற்குப் பிறகு வாயை அடக்கியிருக்க வேண்டும். நான் அடக்கவில்லை. அந்தி மேகம் என்றேன், இளமை என்றேன், இவங்க நிறத்துக்கு இதைவிட வேறொன்றும் கிடையாது என்றேன். மூச்சு விடாமல் பேசினேன். கணவர் ஸ்டூலில் இருந்தபடி, எனக்கு எல்லாம் ஒண்ணாதான் தெரியுது என்றார். அந்த அம்மா புடவையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, இது ரொம்ப நாளா விக்கலையா?"

மும்தாஜ் மடித்தாள்

பக்கத்தில் நின்ற மும்தாஜ் இருபது வருடமாக இந்தக் கடையில் இருப்பவள். என்னைக் காலேஜம்மா என்றுதான் கூப்பிடுவாள். தேன்மொழி வந்துபோன கதையும் அவளுக்குத் தெரியும். அவள் ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று ஆறு புடவைகளை லாவெண்டர்மேல் விரித்தாள். அந்த அம்மா பச்சையைக் கையில் எடுத்து, கணவரிடம் "இது பரவாயில்லல்ல?" என்றார். தேன்மொழியின் ஒரே ஒரு நாள் என் வாயால் போயிற்று என்றே நினைத்தேன்.

மும்தாஜ் லாவெண்டரை மட்டும் அடியிலிருந்து இழுத்து, நிதானமாக மடிக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "காலேஜம்மா, இதை உள்ள வெச்சிடுங்க. அன்னிக்கு ஒரு கல்யாணப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டுச்சுல்ல, அதுக்கே இருக்கட்டும்." அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, கவனியுங்கள். விரித்த புடவை எத்தனை கிடந்தாலும் வாங்குகிறவர் கண் மடிக்கிற புடவைமேல்தான் போகும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது மடிப்பில் அந்த அம்மாவின் கை வந்து விழுந்தது. புடவையை வாங்கிக்கொண்டு தானே வாசலுக்குப் போனார். பக்கத்தில் போனைப் பிடித்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது. "எல்லாப் போட்டோலயும் இந்தப் பொண்ணு அரக்குலயே நிக்கிறா. பாவம், அந்த வீட்டுல வேற கலரே கிடையாதா?"

மாற்றிக்கொள்ளலாமா?

வாங்கினார். ஆனால் போகும்போது ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனார். நாத்தனார் பார்க்கணும், அவர் வேண்டாமென்றால் நாலு நாளில் வந்து பச்சையை எடுத்துக்கொள்வாராம்.

அந்த நாலு நாளும் எங்கள் கடைப் பையோடு யார் படியேறினாலும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அந்த நிறம்தான் ஞாபகம். மும்தாஜ் சிரித்தாள், உங்க நிச்சயதார்த்தத்துக்கே இவ்வளவு தவிச்சிருக்க மாட்டீங்க என்றாள். உண்மைதான், எனக்கு என்ன நிறம் எடுத்தார்கள் என்பதே மறந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் கணவர் தனியாக வந்தார். கையில் எங்கள் பை. மேசைமேல் வைத்தார். நான் பச்சையை எடுக்கத் திரும்பினேன்.

"அது வேணாங்க. இதுக்கு ஃபால்ஸ் வெச்சுக் குடுங்க" என்றார். ஃபால்ஸ் வைத்துத் தைத்துவிட்டால் எங்கள் கடையில் மாற்றித் தரமாட்டார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். அதுக்குத்தான் என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "எங்க அக்கா இது நல்லாவே இல்லன்னு சொல்லிட்டா. உடனே என் சம்சாரம், மொதல்ல ஃபால்ஸ் வெச்சுட்டு வாங்கன்னு என்னைத் துரத்திட்டா."

முகூர்த்தப் புடவை

நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு வாரத்தில், முகூர்த்தப் புடவை எடுக்க மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள்: தேன்மொழி, அவள் அம்மா, ஸ்ரீரங்கத்து மாமியார். தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் அலமாரியில் இல்லாத தூசியைத் துடைத்தேன். மாமியார் நிச்சயதார்த்தப் போட்டோவை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தடியில் அந்த மினுமினுப்பு. "இந்தக் கலரை எனக்குக் குடுக்கவே இவங்களுக்கு மனசில்ல. மடிச்சு உள்ள வைக்கப் பாத்தாங்க. நான் விடுவேனா?" என்றார் மாமியார். தேன்மொழியின் அம்மா உடனே, "இவளுக்கு வெளிர் கலர்தான் எடுப்புன்னு நான் எப்பவும் சொல்றதுதான் சம்பந்தி" என்றார். மும்தாஜுக்கு இருமல் வந்துவிட்டது.

"முகூர்த்தத்துக்கு அவளே சொல்லட்டும்" என்றார் மாமியார். இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்! அலமாரியைக் கவிழ்க்காத குறைதான். கொய்யா இளஞ்சிவப்பு, வெங்காயத் தோல், சந்தனம், இளநீர். ஒவ்வொன்றையும் வாசலுக்கும் கண்ணாடிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி இருந்த இடம் தெரியவில்லை. தேன்மொழி எல்லாவற்றையும் தோளில் போட்டுப் பார்த்தாள், எல்லாம் நல்லா இருக்கு மேடம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, எதிர் அலமாரியைக் காட்டி, அந்த அரக்கை எடுங்க என்றாள். "ஏண்டி, அரக்கே வேணாம்னுதானே அன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட?" என்றார் அவள் அம்மா.

தேன்மொழி அரக்கை வாங்கித் தோளில் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அதெல்லாம் நீ எடுத்த அரக்கும்மா. இது நான் எடுக்குற அரக்கு."

ஆக, வெளிர் நிறங்களின் பெருமையைப் பேசியே சம்பளம் வாங்குகிற நான், இத்தனை நாளில் மனம் நிறைந்து எடுத்துக் கொடுத்த புடவை என் அலமாரியில் இருந்ததே இல்லை.