வறுத்த விதை

தனக்கொடிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று சாரம் கிராமத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கடற்கரைக்கு அடுத்த தெருவில் ஒரு பங்களா. தோட்டத்தில் களை பிடுங்கும் கூலியாக அவள் அங்கே சேர்ந்தபோது வீடு ஒரு பிரெஞ்சுக்கார மதாமுடையது. 1956-ல் மதாம் கப்பலேறினாள். போகும்போது சால்வியாப் பூ விதையைக் காகிதத்தில் மடித்துத் தனக்கொடியின் கையில் கொடுத்தாள். பிறகு அரசாங்க அதிகாரி ஒருவர் குடிவந்தார். அவரோடு தலைமைத் தோட்டக்காரனாகச் சக்கரபாணியும் வந்தான்.

சால்வியா சிவப்பாக, கதிர் கதிராகப் பூக்கும். வாசனை கிடையாது. தலையில் வைக்க உதவாது, சாமிக்கும் ஆகாது. “மோந்து பாத்தா ஒண்ணுமில்ல, இதுக்குப் போய் இவ்ளோ பாடா” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கு அந்தச் சிவப்பு பிடித்திருந்தது. வேறென்ன வேண்டும்?

ஐப்பசி மழையில் நாற்று அழுகாமல் தாழ்வாரத்தில் வளர்ப்பாள். மார்கழியில் பாத்திக்கு மாற்றுவாள். நாலு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுவாள், அப்போதுதான் பக்கக் கிளை வரும். தண்ணீரை வேரில்தான் விடுவாள். விதைக்கென்று விட்ட கதிர்களுக்குத் துணிப்பை கட்டுவாள், இல்லாவிட்டால் முற்றியதும் உதிர்ந்து மண்ணோடு போய்விடும். இதெல்லாம் நடக்கும்போது சக்கரபாணி வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருப்பான்.

1959 மாசியில் ஊரில் பூப்போட்டி வைத்தார்கள். பங்களாவின் சால்வியாப் பாத்திக்கு வெள்ளிக் கோப்பை. சக்கரபாணி மாலையும் கழுத்துமாக நின்றான். விருந்தாளிகள் இருக்கும்போதே தனக்கொடி முன்னால் வந்து, “வெதைச்சது, நட்டது, கிள்ளுனது எல்லாம் நானுங்க ஐயா” என்றாள். அதிகாரி சிரித்தார். சக்கரபாணி சிரிக்கவில்லை. விதை முற்றும்வரை பொறுத்திருந்தான். அவள் விதைப் பையைக் கொண்டுவந்து நீட்டிய அன்றே, “நாளையிலேர்ந்து வராத” என்று சொல்லிவிட்டான்.

எப்படி விதைக்க வேண்டும் என்று அந்த மகராசன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அத்தனை வயிற்றெரிச்சலிலும் அவள் சொல்லியிருப்பாள்.

அதற்கப்புறம் கழனி வேலைக்குப் போனாள். ஐப்பசிக் கடைசியில் பங்களாச் சமையல்காரி அமிர்தவல்லி வந்தாள்.

“நீ வெதைய வறுத்துக் குடுத்துட்டியாம். அதான் ஒண்ணுகூட மொளைக்கலன்னு சக்கரபாணி ஐயாகிட்ட சொல்லிட்டான். கடைத்தெருவுலயும் சொல்லிக்கிட்டுத் திரியறான்.”

தனக்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனது போகட்டும். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத வீட்டில் பிறந்தவள் அவள். விதையை வறுத்துக் கொடுத்தவள் என்ற பேர் பரவினால், நாளைக்கு எந்தக் கழனிக்காரன் அவளை நாற்றங்கால் பக்கம் விடுவான்? கூலியோடு மானமும் போக வேண்டுமா?

வீட்டிலிருந்த வாயகன்ற மண்சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்கு நடந்தாள். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரபாணியின் நாற்றுப்பாத்தியை விரலால் கிளறினாள். ஒரு விரற்கடை எருவுக்கு அடியில் விதைகள் அழுகிக் கிடந்தன.

“கேழ்வரகுன்னு நெனைச்சியா அண்ணே? இப்படி மூடி வச்சிருக்கியே. இது வெளிச்சம் பாத்துதான் மொளைக்கும்.”

“மண்ணு மூடாம எந்த வெதை மொளைக்கும்?” என்றான் அவன். பரம்பரை விவசாயி அல்லவா, பேச்சில் சந்தேகமே இல்லை.

“பையில மிச்சம் இருக்குதில்ல, கொண்டா.”

அதே பையில் மிஞ்சியிருந்த கடைசிச் சிட்டிகையை எடுத்து, சட்டியில் நிரப்பிய சலித்த ஈரமண்ணின் மேல் தூவினாள். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். மூடவில்லை. சட்டியைத் தாழ்வாரத்து வெளிச்சத்தில் வைத்தாள். தினமும் விடிந்ததும் சாரத்திலிருந்து நடந்துவந்து தண்ணீர் தெளித்தாள். சக்கரபாணி முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, பார்த்தால் கை நீண்டுவிடும் என்று அவளுக்கே பயம்.

ஒன்பதாம் நாள் சட்டி முழுக்கப் பச்சை.

“சரிம்மா, மொளைச்சிடுச்சு. இதோட விடு” என்றார் அதிகாரி. “சட்டிய சக்கரபாணிகிட்ட குடுத்துட்டு நாளையிலேர்ந்து நீயும் வேலைக்கு வா.”

“வறுத்த வெதைன்னாரே, அதுக்கு?”

“ஏதோ தெரியாம சொல்லிட்டான், விடும்மா.”

தெரியாமல் கடைத்தெருவெல்லாம் சொல்லுவானாம். தனக்கொடி சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சட்டி என்னோடதுங்க. வெதை மதாம் என் கையில குடுத்தது” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த மாசியில் சாரத்தில் அவள் குடிசை வேலியோரம் முழுக்கச் சிவப்பு. சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கேலி செய்த பெண்களே விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டினார்கள். பங்களாப் பாத்தியில் துலுக்கச் சாமந்திதான். இந்த முறை கோப்பை வேறு வீட்டுக்குப் போனது.

பங்குனியில் ஒருநாள் சக்கரபாணி வந்து வேலிக்கு வெளியே நின்றான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“தனக்கொடி, ஒரு சிட்டிகை வெதை குடு. ஐயா கேக்குறாரு.”

அவள் ஒரு கதிரின் துணிப்பையை நிதானமாக அவிழ்த்து, உள்ளங்கையில் கொட்டி, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி நீட்டிக் காட்டினாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

“எல்லாம் வறுத்த வெதை அண்ணே. உனக்கு மொளைக்காது.”