ட்ரைவ்வேயில் தொடங்கிய உலகப் போர்

முதலாம் உலகப் போரின்ர காரணங்களைப் படிப்பிக்கிறது பெரிய வேலையில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவை தங்கட வீட்டுச் சண்டையை நினைக்காமல் பார்த்துக்கொள்ளுறதுதான் வேலை. என்னைப்போல சனிக்கிழமை காலமையில பெரிய ஆக்களுக்குப் பாடம் எடுக்கிற பாவப்பட்ட சீவன்களுக்கு இது நல்லாத் தெரியும். மற்றவையும் தெரிஞ்சுகொள்ளுங்கோ.

இங்க பத்தாம் வகுப்புச் சரித்திரம் பாஸ் பண்ணாமல் ஹைஸ்கூல் டிப்ளோமா கைக்கு வராது. அந்தச் சரித்திரமும் நேரா 1914இலதான் தொடங்குது. வயது வந்தபிறகு அதை எழுதி முடிக்க வெளிக்கிட்ட எங்கட ஆக்களுக்கு, ஸ்காபரோவில, டோர்செட் பார்க்கில ஒரு அபார்ட்மென்ட் கட்டடத்தின்ர கீழ்மாடி அறையில இருந்து, பாடத்தைத் தமிழில விளங்கப்படுத்துறன். பக்கத்து அறையில உடுப்புக் காயவைக்கிற மெஷின் கடகடவெண்டு ஓடும். அதுக்கு மேலால நான் கத்தவேணும். என்ர குரல் இயல்பிலேயே பெரிசு, அதால பிரச்சினையில்லை.

ஆரில பிழை?

முதல்நாள் கதையைச் சொல்லிமுடிச்சன். ஒஸ்திரியா இளவரசரையும் மனிசியையும் ஒரு சேர்ப் இனப் பெடியன் சுட்டுப்போட்டான். ஒரு மாசம் கழிச்சு ஒஸ்திரியா சேர்பியாவோட சண்டைக்குப் போனது. சேர்பியாவுக்காக ரஷ்யா, ஒஸ்திரியாவுக்காக ஜேர்மனி, பிறகு பிரான்ஸ், பிறகு பிரித்தானியா எண்டு ஒரு கிழமைக்குள்ள எல்லாரும் இறங்கிட்டினம். வகுப்பில பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே கேள்வி: "ரீச்சர், ஆரில பிழை?" எனக்கு விசர் வரும் உந்தக் கேள்வியைக் கேட்டால். சரித்திரம் என்ன பொலிஸ் ஸ்டேஷனே, வந்து என்ட்ரி போட?

"எல்லாரிலயும் கொஞ்சம் கொஞ்சம் பிழை" எண்டு சொல்லிப்போட்டு, துடைக்கிறதுக்குப் போர்ட் பக்கம் திரும்பினன். அப்பதான் மலர் கை உயர்த்தினா. ஐம்பத்திரண்டு வயது, முதியோர் இல்லமொண்டில சமையல் வேலை, அதுவரைக்கும் வாய் திறக்காத மனிசி. அவ கேட்டது இது: "எல்லாரிலயும் பிழையெண்டால், ரீச்சர், ஆர் முதல் வாயைத் திறக்கிறது?"

பெல்ஜியம்

அடுத்த கிழமை போர்டில இரண்டு அணியையும், நடுவில பெல்ஜியத்தையும் கீறி, கொப்பியில எழுதச் சொன்னன். சுத்திப் பார்த்துக்கொண்டு வந்தால், மலரின்ர கொப்பியில ஒரு பக்கம் 'விட்பி', மற்றப் பக்கம் 'நாங்கள்'. கீழ வரிசையாச் சொந்தக்காரரின்ர பேர். "மலர், உதில ஜேர்மனி எங்கயம்மா?" எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சவை. மலருக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்கு என்ர நாக்கைக் கடிச்சுத் துப்பவேணும் போல இருந்தது.

விசயம் இதுதான். ஒன்பது வருசத்துக்கு முதல் மலரின்ர அண்ணை விட்பியில புது வீடு வாங்கிக் குடிபூர விருந்து வைச்சவர். மலரின்ர மனிசன் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, அண்ணையின்ர சம்பந்தி வந்து இறங்க இடமில்லையெண்டு, "உங்கட காரை ஒருக்கா எடுங்கோவன்" எண்டு எழுப்பியிருக்கினம். மனிசன் கையைக் கழுவிப்போட்டுக் காரை எடுத்தவர்தான். வீட்டு முன்வாசல் ட்ரைவ்வேயில இருந்து எடுத்த காரை நேரா ஸ்காபரோவிலதான் கொண்டுவந்து விட்டவர். அண்டையில இருந்து பேச்சில்லை. அங்க போற ஆக்கள் இங்க வரக்கூடாது, இங்க வாற ஆக்கள் அங்க போகக்கூடாது. இப்ப வாற ஓகஸ்டில மகளுக்குக் கலியாணம். பொம்பிளையின்ர தலையில பால் அறுகு வைச்சு வாழ்த்தத் தாய்மாமன் வேணும். இருக்கிறது ஒரே ஒரு அண்ணை.

"நடுவில நிக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?" எண்டு கேட்டன். மலர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "றிச்மண்ட் ஹில்லில எங்கட அக்கா இருக்கிறா, ரீச்சர். அவதான் பெல்ஜியம். ஒரு பக்கமும் சேராமல் இருந்தவ, கடைசியில பெரிய சண்டை நடந்தது அவவின்ர ஹோலிலதான்."

நாற்பத்தெட்டு மணித்தியாலம்

ஒஸ்திரியா சேர்பியாவுக்கு ஒரு கடிதம் குடுத்தது. பத்து நிபந்தனை, நாற்பத்தெட்டு மணித்தியாலத் தவணை. சேர்பியா அனேகமா எல்லாத்துக்கும் தலையாட்டினது. பதிலை வாசிச்ச ஜேர்மன் பேரரசரே, இனிச் சண்டைக்கு என்ன தேவை எண்டு நினைச்சவராம். ஆனால் பிரயோசனமில்லை. மற்றவன் மாட்டன் எண்டு சொல்லவேணும் எண்டுதானே அந்தக் கடிதத்தையே எழுதினவை! இதைச் சொல்லேக்க மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சன். பக்கத்து அறை மெஷின்கூட ஒரு நிமிசம் நிண்டமாதிரி இருந்தது.

வகுப்பு முடிய மலர் போனை நீட்டினா. அண்ணைக்கு அனுப்ப அவவும் மனிசனுமா எழுதி வைச்ச வாட்ஸ்அப் மெசேஜ். முதலாவது, மன்னிப்புக் கேக்கவேணும். இரண்டாவது, அந்தச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிவு சொல்லவேணும், கலியாண ஹோல்காரருக்கு ஆள் கணக்குக் குடுக்கவேணுமாம். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சன், அவ்வளவுதான். அவ திரும்பவும் ஒருக்கா வாசிச்சுப்போட்டு, எனக்கு முன்னாலயே அழிச்சா. "எனக்கு அண்ணை வேணும், ரீச்சர். இது அண்ணை வராமல் இருக்கிறதுக்கு எழுதினது."

செல்லப்பேர் போட்ட தந்தி

எங்கட வகுப்பில ரிஸ்வான் எண்டு ஒரு எலெக்ட்ரீஷியன். அக்கரைப்பற்றுக்காரர், நாற்பது வயது, கொலிஜ் கோர்ஸ் ஒண்டுக்கு டிப்ளோமா வேணும் எண்டு வாறவர். ரஷ்யப் பேரரசரும் ஜேர்மன் பேரரசரும் சொந்தக்காரர், கடைசி நாளுகளில ஆளுக்காள் செல்லப்பேர் போட்டுத் தந்தி அடிச்சவை எண்டு சொன்னன். அந்தப் பக்கம் தந்தி போகுது, இந்தப் பக்கம் ஆமிக்காரர் ரயிலேறுகினம். ரயில் வெளிக்கிட்டபிறகு நிப்பாட்டேலாது எண்டு தளபதிமார் கையை விரிச்சுப்போட்டினம்.

ரிஸ்வானுக்குப் பொறுக்கேல்ல. பேனையைக் கீழ வைச்சார். "ஏன் டீச்சர், ஆமிக்காரன் போறதுக்கு அவ்வளவு ரயில் இருந்திச்சி. இவங்கள்ல ஒராள் ஏறி மத்தவர்ட வீட்டுக்குப் போக ஒரு ரயில் இல்லாமப் போச்சா?"

வராத சனிக்கிழமை

மாதிரிச் சோதனை வைச்ச சனிக்கிழமை மலர் வரேல்ல. போன் எடுத்தன், ஓஃப். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு படிச்சு, கடைசி நேரத்தில விட்டிட்டாவே எண்டு வீட்டில போய் என்ர மனிசனோடயும் கொழுவினன். அந்தாளுக்கு ஒஸ்திரியாவும் தெரியாது, சேர்பியாவும் தெரியாது, பாவம்.

அடுத்த கிழமை மலர் ஒரு பெட்டி பயற்றம்பணியாரத்தோட வந்து நிண்டா. அந்தச் சனிக்கிழமை கலியாண கார்ட் குடுக்க விட்பிக்குப் போனவையாம். எங்கட ஆக்களுக்குத் தெரியும்தானே, கலியாண கார்ட் போனில போனால் அது கார்ட் இல்லை, அவமரியாதை. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் வாசலில போய் நிண்டு சொல்லவேணும். "உங்கட மனிசன் எப்பிடியம்மா வந்தவர்?" எண்டு கேட்டன். "அவர் அந்த ட்ரைவ்வேயில தன்ர கார் இனி நிக்காது எண்டுதான் சத்தியம் பண்ணினவர், ரீச்சர். தான் போகமாட்டன் எண்டு சொல்லேல்ல. அதால ரயிலில போனனாங்கள்." எந்த ராஜதந்திரிக்கு வரும் உந்த மூளை?

ரயிலால இறங்கி, பஸ் எடுத்து, பிறகு புது வீடுகளுக்கு நடுவில வெயிலுக்குள்ள நடையாம். மனிசன் கார்ட் வைச்சுக் குடுக்கிற வெள்ளித் தட்டைக் கடைப் பைக்குள்ள வைச்சுக் காவிக்கொண்டு வந்தவராம். மலர்தான் பெல் அடிச்சது. கதவைத் திறந்தது அண்ணை. "அண்ணை, பிள்ளைக்குக் கலியாணம்" எண்டு மலர்தான் முதல் வாயைத் திறந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது, முழங்கால் நோவைப் பற்றிக் கதைச்சினம். மன்னிப்பு எண்ட சொல்லை இரண்டு பக்கமும் எடுக்கேல்ல. வெளிக்கிடேக்க அண்ணை எட்டிப் பார்த்து, "கார் எங்க?" எண்டு கேட்டிருக்கிறார். மலரின்ர மனிசன் முகட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டாராம்.

அண்ணை கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியில போய், ட்ரைவ்வேயில நிண்ட தன்ர காரை ரோட்டில கொண்டுபோய் விட்டுட்டு வந்து, வெறுமையாக் கிடந்த இடத்தைக் காட்டினாராம்: "மச்சான், இனி வரேக்க காரை உதில விடுங்கோ. ஆர் வந்தாலும் அது அங்கதான் நிக்கும்."

அந்த 1914 ஜூலையில ஏதாவதொரு பேரரசர் தன்ர காரைக் கொஞ்சம் ஒதுக்கி விட்டிருந்தால் எனக்குப் படிப்பிக்க ஒரு பாடம் குறைஞ்சிருக்கும். குறைஞ்சால் குறையட்டும், நான் ஓகஸ்டில கலியாணத்துக்குப் போற பிஸி.