கடைசி நிறுத்தத்து அறை

'ரைட்டு' (1948–2017). பேருந்து நடத்துநர். அவருடைய முழுப்பெயர் சம்பளப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ரைட்டுதான். வண்டி கிளம்பலாம் என்பதற்கு மற்ற நடத்துநர்கள் விசில் ஊதுவார்கள். இவர் பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, அடிவயிற்றிலிருந்து "ரைட்டு" என்பார்.

மனைவி காலமான பின் ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தார். அவளுக்கு 1998-இல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. விடுதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டிலிருந்து போய்வரத் தோதான தொலைவும் இல்லை. உதவித்தொகையை நம்பிப் படிக்க வேண்டியவள். ஆண்டுத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் அது நின்றுவிடும். எனவே எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்பது சின்ன விஷயமாக இல்லை.

மகளுக்கு நூலகத்தின் பின்னால் இருந்த சந்து பிடித்திருந்தது. மூன்றாம் மாடி, சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். ரைட்டுக்கு அது மனத்தில் ஒட்டவில்லை. அந்தச் சந்துக்குள் பேருந்து நுழையாது. பேருந்து நுழையாத இடத்தை மனிதர் வாழும் இடமென ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வராது. கடைத்தெருப் பக்கம் நிறுத்தம் உண்டு. ஆனால் வண்டி அங்கே வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். காலமெல்லாம் படியில் தொங்குவோரை ஏசி உள்ளே தள்ளியவர், தம் மகளை அதே படியில் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

மிஞ்சியது தடத்தின் கடைசி நிறுத்தம். வண்டிகள் அங்கிருந்துதான் புறப்படும். சன்னலோர இருக்கை நிச்சயம். அவருடைய வண்டியும் அங்கே வந்துதான் திரும்பும். மகளின் சன்னலை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே அறை பார்க்கப் போனபோது, சுவரையும் குழாயையும் பாராமல் சன்னல் வழியே பேருந்து நிலையத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வீட்டுக்கார அம்மாள், "பொண்ணுக்கு ரூம் பாக்க வந்தீங்களா, இல்ல வண்டிக்கு ஷெட் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். ரைட்டு சிரித்தபடியே ஓராண்டுக்குப் பேசி முடித்தார். மகள் மறுக்கவில்லை.

அங்கே விடியுமுன்பே ஓட்டுநர்கள் வரிசையாக வண்டிகளை முடுக்கி, பிரேக்குக்கு வேண்டிய காற்று ஏறும்வரை எஞ்சினை உறுமவிடுவார்கள். சன்னல் கம்பி அதிரும். மேசைமேல் தம்ளர் தானாக நகரும். மகள் வகுப்பில் தூங்கி வழிந்தாள். இடைத்தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினாள். ஒருமுறை அங்கே தங்கிய ரைட்டோ அடித்துப்போட்டாற்போல் உறங்கி எழுந்து, இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று மெச்சிக்கொண்டார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

பின்னொரு நாள் சன்னல் சாத்தியிருந்தது. மறுநாளும் சாத்தியிருந்தது. விசாரித்தபோது, பெண் நூலகத்துச் சந்தில் ஒரு தோழியோடு தங்கப் போய்விட்டாள் என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னார். ரைட்டு பணி முடிந்து, சீருடையோடு மூன்று மாடி ஏறினார். கதவைத் திறந்த மகளின் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது.

"அங்க என்னம்மா குறை?"

"சத்தம்ப்பா. தூங்கவே முடியல."

"சத்தமா? என்ன சத்தம்?"

மகள் அவரை உற்றுப் பார்த்தாள். அவர் கேலிக்குக் கேட்கவில்லை.

"வண்டிச் சத்தம்ப்பா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க டிரைவருங்க எல்லாரையும் வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்பார்தான். அவர் சன்னலைத் திறந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"இங்க பஸ் வராதே. உன்னை எப்படிப் பாக்கறது?"

"இப்ப எப்படி வந்தீங்களோ, அப்படித்தான்."

மறுநாள் விடியலில், காலியாகக் கிடந்த கடைசி நிறுத்தத்து அறையில் உட்கார்ந்து அவர் காது கொடுத்துக் கேட்டார். எந்த வண்டி முதலில் கிளம்புகிறது, எதில் விசிறிப் பட்டை தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் கேட்டன. சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஓராண்டுக்குப் பேசிய அறையை விடுவானேன் என்று தாமே அதில் குடியேறினார். ஓய்வுபெற்ற பிறகும் அங்கேயே இருந்தார். மகள் படித்து முடிக்கும்வரை வாரந்தோறும் அந்தச் சந்துக்கு நடந்து போய் மூன்று மாடி ஏறினார். மகள் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். பிற்பாடு வழக்கறிஞராகி வெளியூர் போனாள்.

அவருக்கு உடல்நலம் குன்றியபோது அவள் வந்து அந்த அறையில் தங்கினாள். வழக்கம்போல் உறக்கமில்லாமல் விழித்துக் கிடந்தாள். அதனால்தான் அவள் கண்ணில் அது பட்டது. முதல் வண்டிக்குக் காற்று ஏறிய சமயம் அவர் எழுந்து உட்கார்ந்து, சன்னல் கம்பியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பியது. மறைந்த நாள்: 2017 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை.