கேசரி நிறத்தில் ஒரு அமெரிக்க கார்

திருவொற்றியூரில் எனக்கு ஒரு கார் பெயிண்டிங் ஷெட் இருக்கிறது. பழைய வண்டியைத் தேய்த்துப் பார்த்து, கம்பெனியில் அடித்த முதல் நிறம் எது என்று சொல்வதில் நான் கில்லாடி. இதை நானேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன்.

போன மாசம் ராயபுரத்திலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் கறுப்பு அமெரிக்க கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணனுக்குச் சொந்தப் படகு உண்டு. வருஷா வருஷம் அதற்குப் பெயிண்ட் அடிப்பது தங்கை. இறந்துபோன அவர்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இந்தக் கார் கப்பலிலிருந்து இறங்கியதைப் பார்த்து ஆசைப்பட்டு, பல வருஷம் கழித்துக் காயலான் கடையில் அதையே தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்.

“எறங்குனப்போ கேசரி கலர்ல இருந்துச்சுன்னு நைனா சொல்லும். தெருவே சிரிக்கும். அது நெசமான்னு பாத்துச் சொல்லுண்ணா” என்றாள் தங்கை.

“நைனா வுட்ட கப்ஸாவுல இதுவும் ஒண்ணு” என்றான் அண்ணன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

நிறத்தின் எண் பொறித்த தகடு உப்புக்காற்றில் துருவேறி உதிர்ந்திருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தேன். கறுப்பு, அதன் அடியில் நீலம், அதற்கும் அடியில் வெறும் தகரம்.

“நீலம்தாம்மா. நூத்துக்கு நூறு” என்றேன். அண்ணன் ஜோராகப் படகு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

அவள் போகவில்லை. குனிந்து, அந்த நீலத்தை நகத்தால் நோண்டி எதையோ உருவினாள்.

“இன்னாண்ணா இது? பிரஷ் முடி கீது! கம்பெனில பிரஷ்லயா அடிப்பாங்கோ? இது எங்க போட்டுக்கு அடிக்கிற பெயிண்டுண்ணா!”

என் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ பழைய நிறத்தைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் படகுப் பெயிண்டைப் பூசியிருக்கிறார்கள். அதைப் போய்க் கம்பெனி நிறம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

ரோஷத்தோடு டாஷ்போர்டைக் கழற்றினேன். சுரண்டுகிறவன் கை எட்டாத இடம் அதன் பின்னால்தான். துணியால் தூசியைத் துடைத்து டார்ச் அடித்தேன். பளிச்சென்று ஆரஞ்சு. கல்யாண வீட்டுக் கேசரி கெட்டது போங்கள்! தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷம் நான் பட்டதே இல்லை.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

அவன் வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து வெகுநேரம் பார்த்தான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

“எங்க நைனா வாய்ல பொய்யே வராதுப்பா” என்றான்.

தங்கை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.