இரண்டு நோட்டீஸ்

எனக்கு அப்போது பதினொரு வயது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பேனா, அட்டையில் போட்டிருந்த நிறத்தில் எழுதாமல் ஏமாற்றியதிலிருந்து அச்சடித்த எதையும் நான் நம்புவதில்லை.

அக்கா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பியான மாமா, செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வரை கடைகளுக்கு எனர்ஜி டிரிங்க் போடுகிறவர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கு டின்கள் கொண்டுவருவார். ஒரு முறை கம்பெனி நோட்டீஸும் கொண்டுவந்தார். 'சாதிக்கத் துடிக்கும் இளைஞர்களின் தேர்வு' என்று அதில் போட்டிருந்தது. மலையுச்சியில் ஒரு பையன் கைகளைத் தூக்கி நின்றான். ராஜகிரிக் கோட்டை ஏறிய யாரும் அப்படி வேர்க்காமல் நின்று நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாமா இருக்கும்போதே பெரியப்பா வேறொரு நோட்டீஸுடன் வந்தார். 'பெற்றோரே! உங்கள் பிள்ளை குடிப்பது பானமா, விஷமா?' நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் பையனின் படம். 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று இருந்தது; யார் செய்த ஆய்வு என்று இல்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம், மூலிகைச் சத்துமாவு கிடைக்கும் என்று ஒரு போன் நம்பர்.

"பெரியப்பா, இது உங்க நம்பர்தானே?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மாவு விக்கிறதுக்கு இன்னா பயமுறுத்தல்!"

எனக்கு அவர்மேலும் சந்தேகம். டின்னை எடுத்துப் பார்த்தேன். "குழந்தைகளுக்கு ஏற்றதல்லன்னு இதுல பொடி எழுத்துல இருக்குது. உங்க நோட்டீஸ்ல அது ஏன் இல்ல மாமா?"

சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். அப்பா, எங்களுக்கு நைனா, அவர் மட்டும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

என் துப்பறியும் திறமையைச் சொல்ல உள்ளறைக்கு ஓடினேன். படித்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் ஒரு காலி டின் கிடந்தது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுடி."

"அப்போ பெரியப்பா சொல்றது நிஜமாக்கா?"

"மாவு விக்கிறாருன்றதுக்காக எல்லாமே பொய்யாயிடுமா?"

"அப்புறம் ஏன் குடிக்கிற?"

"தூக்கம் வரக்கூடாது. மார்க் வரணும்." புத்தகத்திலிருந்து அவள் தலை தூக்கவே இல்லை. நோட்டீஸ் எழுதியவர்களின் காரணங்களைத் தேடிப் பிடித்த நான், அவளிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கூடத்தில் சண்டை ஓய்ந்திருந்தது. இருவர் கையிலும் டீ.

"பரீட்சை முடிஞ்ச கையோட பொண்ண ஒரு எடத்துல கட்டிக் குடுத்துடணும்," என்றார் பெரியப்பா. "நல்ல எடம் ஒண்ணு வந்துக்குது."

"நானும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன்," என்றார் மாமா.

"மார்க் வரட்டும். நல்லா வந்தா மேல படிக்கட்டும், இல்லன்னா அந்த எடத்தப் பாத்துக்கலாம்," என்றார் நைனா.

ஒருவழியாக இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நிம்மதியாக விளையாடப் போனேன். உள்ளறையில் இன்னொரு டின் திறக்கும் சத்தம் கேட்டது.