அலுவலகத்துக்குள் ஐந்தருவி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் தென்காசி அலுவலகம் இன்று ஒரு வரலாற்று முடிவை நடைமுறைப்படுத்தியது. ஊழியர்களின் மன அமைதிக்காகச் சுவர் முழுக்கக் குற்றாலத்து ஐந்தருவிப் படம் ஒட்டப்பட்டது. கூடவே ஸ்பீக்கரில் அருவிச் சத்தம், நாள் முழுக்க.

நிஜ அருவி பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யாரும் வேலை பார்ப்பதில்லை என்பது ஒன்றுதான் அதன் குறை.

டீ குடித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து இருக்கை மகேஸ்வரி நெளிய ஆரம்பித்தார். எங்கள் கிளையின் ஒரே பெண் ஊழியர். பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. முன்பு இன்னொரு பெண் வெளியே காவல் நிற்பார். அவரைக் கடையநல்லூருக்கு மாற்றிவிட்டார்கள்.

"சார், அந்தத் தண்ணிச் சத்தத்தக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."

மேனேஜர் பதறிப்போனார். "ஏம்மா, மனசு லேசாவலையா?"

"மனசு நல்லாத்தான் இருக்கு சார். அந்தக் கதவுக்கு ஒரு தாப்பா போடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்!"

"அது பில்டிங் ஓனர் செய்யணும்மா. இது ஹெட் ஆபீஸ் திட்டம், நிப்பாட்ட முடியாது."

பின்னாலிருந்து முத்தையா அண்ணாச்சி, "சவுண்டு பத்தல சார். குத்தாலம்னா காது அடைக்க வேண்டாமா?" என்றார்.

மேனேஜர் யோசித்தார். ஊழியரின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

"சரிம்மா, உனக்காக மாத்துதேன். மழைச் சத்தம் போடச் சொல்லுதேன்."

மழை பெய்ய ஆரம்பித்தது.

மகேஸ்வரி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். லீவு மிச்சம் இல்லாததால் அது சம்பளத்தில் கழியும்.